மூடிய குழிகளை எண்ணியவர்

மனிதர்கள் எப்படி முடிவெடுக்க வேண்டும் என்று சொன்னவர்களுக்கு எந்தக் காலத்திலும் குறைவில்லை. எப்படி எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் போய் நின்று பார்த்தவர்கள் குறைவு. ராசிபுரத்தில் புள்ளியியல் ஆய்வாளராக இருந்த பாலசுந்தரம் அப்படிப் பல வருடம் போய் நின்று பார்த்தார். கணிதத்தில் பி.எஸ்ஸி. படித்தவர். எழுதிய எதுவும் அச்சேறவில்லை. அவரை அறிஞர் என்று சொல்ல எனக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. ஒரு நோட்டைத் தொடர்ந்து எழுதியதற்காக ஒருவரை அறிஞர் என்று சொல்லிவிட முடியாது. அந்த நோட்டு அவரையே எதிர்த்துச் சாட்சி சொன்ன நாளில் அவர் அதைக் கிழிக்கவில்லை. அதனால்தான் இப்போது சொல்கிறேன்.

1971-இல் வேலைக்குச் சேர்ந்தார். பயிர் விளைச்சலை அளப்பது வேலை. எந்த ஊர், எந்தச் சர்வே எண், வயலின் எந்த மூலை என்பதையெல்லாம் ஓர் அட்டவணை சொல்லும். அந்த அட்டவணையில் எண்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் அச்சிடப்பட்டிருக்கும். அது காட்டும் இடத்தில் முளையடித்து, கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுத்து எடை போட வேண்டும். அதனால் ஊர்களில் அவருக்குக் கயிறுக்காரர் என்று பெயர்.

கயிறு கட்டும்போதெல்லாம் ஒரே வாக்குவாதம்தான் நடக்கும்.

"ஏனுங்க, அந்தக் காஞ்ச மூலையிலயா கட்டறீங்க? கெழக்க வாங்க, கதுரு எப்படி நிக்குது பாருங்க."

"அட்டவணை இந்த மூலையைத்தானுங்க சொல்லுது."

"அட்டவணைக்கு என்னங்க தெரியும்? அது வந்து ஒழவு ஓட்டுச்சா?"

"ஒண்ணுமே தெரியாதுங்க. அதனாலதான் அதைக் கேக்கறம்."

விவசாயிக்கு இது திமிராகப் பட்டிருக்கலாம். பாலசுந்தரம் கேலியாகச் சொல்லவில்லை. வயலுக்குச் சொந்தக்காரன் நல்ல மூலையைத்தான் காட்டுவான். வரி கட்டுகிறவனாக இருந்தால் கெட்ட மூலையைக் காட்டுவான். எதையும் விரும்பாத ஒன்றுதான் நடுவாக நின்று காட்டும். இதை அவர் வேலையில் சேர்ந்த முதல் வருடமே புரிந்துகொண்டார். மனிதன் தன் மனசுக்குள்ளும் நல்ல மூலையைத்தான் காட்டிக்கொள்கிறான் என்பதைப் புரிந்துகொள்ள இன்னும் ஐந்து வருடம் ஆனது.

1976-இல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் அந்தப் பக்கமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கிணறுகளில் தண்ணீர் இறங்க இறங்க, ஊருக்கு நாலு பேர் போர் போட்டார்கள். எங்கே போடுவது என்று சொல்ல சின்னண்ணன் இருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு காட்டில், அதாவது விளைநிலத்தில், நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அறுபது வயது, வெற்றிலை வாய், யாரையும் சிரிக்கவைக்கிற பேச்சு. நாமகிரிப்பேட்டை டீக்கடையில் அவரைப் பற்றி ஒரே கருத்துதான் இருந்தது.

"சின்னண்ணன் கால் வெச்ச எடத்துல தண்ணி இல்லாமப் போனதே இல்லீங்க."

"எந்தெந்த எடமுங்க?" என்று பாலசுந்தரம் கேட்டார்.

கடகடவென்று ஏழு தோட்டம் சொன்னார்கள். ஏழும் உண்மை. ஆனால் அன்று காலை சைக்கிளில் வந்த வழியில் ஒரு காட்டின் நடுவே சாக்கு சுற்றிய கல் ஒன்றை அவர் பார்த்திருந்தார்.

"அந்தக் கல்லு?"

"எந்தக் கல்லு?"

"கோயில் பாதைக்கு வடக்க, தனியா ஒரு கல்லு கெடக்குதே."

ஒருவர் சொன்னார்: "அதுங்களா, அது பாறை மாறிப்போச்சுங்க. அதச் சேத்தக்கூடாது."

பாலசுந்தரத்தின் ஆராய்ச்சி இந்தக் கல்லிலிருந்து தொடங்கியது. தண்ணீர் கிடைத்த போருக்கு மோட்டார் ரூம் எழும்பும், சுற்றிலும் பச்சை தெரியும், சாலையில் போகிறவன் பார்ப்பான். தண்ணீர் கிடைக்காத போருக்குக் குழியை மூடிய ஒரு கல்தான். அடுத்த உழவில் அதுவும் வரப்போரம் ஒதுங்கிவிடும். ஊரின் நினைவும் சாலை வழியாகவே போய்வருகிறது, காட்டுக்குள் இறங்குவதில்லை. ஆகவே அவர் மூடிய குழிகளை எண்ணத் தொடங்கினார். கயிறு கட்டப் போகும் ஊரிலெல்லாம் விசாரித்தார். சுலபமாக இல்லை. ஒரு விவசாயி, "எங்க காட்டுல அப்படியொண்ணும் இல்லீங்க" என்றார், அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

எண்ணுவதோடு நின்றிருந்தால் அவர் நல்ல குமாஸ்தா, அவ்வளவுதான். அவர் இன்னொன்று செய்தார். போர் போட்ட பிறகு போய்க் கேட்டால், தண்ணீர் வந்தவர்கள் எல்லாரும் வரும் என்று முன்பே தெரியும் என்றார்கள். வராதவர்களும் அப்போதே மனசுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டதாகச் சொன்னார்கள். எல்லாருக்கும் எல்லாமே முன்பே தெரிந்திருந்தது. இதை நம்ப அவர் தயாராக இல்லை. ரிக் வண்டி வந்து நிற்கிற அன்றைக்கே, துளையிடும் முதல் இரும்புக் கம்பி, அவர்கள் சொல்கிற ராடு, இறங்குமுன் போய்க் கேட்டார். கேட்ட முறையும் அந்த மண்ணிலிருந்தே எடுத்ததுதான். காசு மாறி இருபது வருடம் ஆகியிருந்தாலும் நம்பிக்கையை ஊர் அணாவில்தான் சொன்னது; பதினாறணா என்றால் முழு ரூபாய், முழு நம்பிக்கை.

"தண்ணி வரும்னு எத்தனை அணா நம்பறீங்க?"

"பன்னெண்டணா நம்பறனுங்க."

"சின்னண்ணன் என்ன சொன்னாரு?"

"பதினாறணாங்க!"

இதை எழுதிக்கொள்வார். பிறகு நடந்ததை எதிரே எழுதுவார். சொன்னவரிடம் ஒரு மாதம் கழித்து மறுபடி, "அன்னைக்கு எத்தனை அணா சொன்னீங்க?" என்று கேட்பார். தண்ணீர் வந்த வீட்டில் பன்னிரண்டு பதினைந்தாகியிருக்கும். வராத வீட்டில் ஆறாகியிருக்கும். நோட்டைக் காட்டினால் நோட்டில்தான் தப்பு என்பார்கள்.

ஏழு வருடத்தில் நூற்று நாற்பத்து மூன்று போர்கள் அந்த நோட்டில் ஏறின. தண்ணீர் வந்தவை எழுபத்து நாலு. சின்னண்ணன் பதினாறணா சொன்ன இடங்கள் அறுபத்தொன்று, அவற்றில் தண்ணீர் வந்தவை முப்பத்து மூன்று. அவரைக் கேட்காமல் போட்ட இடங்களிலும் கிட்டத்தட்ட இதே விகிதம்தான். பாலசுந்தரம் இதை மறைத்துப் பேசவில்லை. டீக்கடையில் அவரிடமே சொன்னார்.

"உங்க பதினாறணா ஒம்பதணாக்கூட வரமாட்டேங்குதுங்க."

சின்னண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்கும் தெரியுமுங்க சாமி. எட்டணாத்தான் வரும்னு சொன்னா எவனாச்சும் என்னைக் கூப்புடுவானா? அவன் ரிக்குக்காரனை ஏற்கெனவே வரச்சொல்லீட்டுத்தான் என்கிட்ட வாரான். பயத்தோட வாரான். நான் தண்ணி குடுக்கறதில்லீங்க, தைரியம் குடுக்கறேன். அதுல ஒரு கொறையும் கெடையாது, வேணும்னா அதையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். அந்த நோட்டில் உள்ள நல்ல வரிகளில் அது ஒன்று. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது, அறிவுரை பிறகுதான் கேட்கப்படுகிறது என்று பக்கத்தில் தன் குறிப்பையும் சேர்த்திருக்கிறார்.

ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு சேலத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியரைப் பார்க்கப் போனார். அவர் பொறுமையாகப் படித்தார். "இது கணக்கா, மனோதத்துவமா, விவசாயமா? எந்த அலமாரியில வைக்கிறது?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. மனிதர்கள் முடிவெடுக்கும் விதத்தை ஆராய அப்படி ஓர் அலமாரி உலகில் வேறெங்கோ அப்போதுதான் செய்யப்பட்டுக்கொண்டிருந்தது; இருவருக்கும் தெரியாது. பாலசுந்தரம் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார். இதுவரை அவர் அடுத்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1983 கோடையில் விஷயம் சொந்த அக்காவிடம் வந்தது.

பொன்னாத்தாள் அவருக்கு ஆறு வயது மூத்தவர். நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே ஓர் ஊரில் சின்னுசாமிக்கு வாழ்க்கைப்பட்டிருந்தார். கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் தோட்டம். அதில் மஞ்சளும், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும். அதற்கு மேற்கே, மழையை மட்டும் நம்பி விளைகிற மூன்று ஏக்கர். அதற்கு மேக்காடு என்று பெயர். முந்தின வருடம் மழை பொய்த்தது. கிணற்றில் அடிப்பாறை தெரிந்தது. சின்னுசாமி இரண்டு போர் போட்டு, இரண்டிலும் புழுதிதான் வந்தது. தோட்டத்தில் இரண்டு கற்கள். மூன்றாவது போட முடிவு செய்துவிட்டார். கடைசியாக இருந்த வளையல்களையும் எருதுகளையும் விற்றால் இருநூற்று நாற்பது அடி போகலாம். அதற்கு மேல் போக மேக்காட்டைத்தான் விற்க வேண்டும். வாங்கிக்கொள்ளப் பக்கத்துக் காட்டு வேலுமணி தயாராக இருந்தார்.

பொன்னாத்தாள் பஸ் பிடித்து ராசிபுரம் வந்து தம்பியின் ஆபீசுக்கு எதிரே நின்றார்.

"தம்பி, தண்ணி எங்க இருக்குதுன்னு சொல்லு."

"தெரியாதுக்கா."

"ஏழு வருசமா ஊரூராப் போயி எழுதறயே, அந்த நோட்டுல இல்லயா?"

"எங்க இருக்குதுன்னு அதுல இல்லக்கா. யாருக்கும் தெரியாதுங்கறதுதான் இருக்குது."

"இத எழுதறதுக்கா ஒரு நோட்டு?" என்றார் பொன்னாத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோட்டம் காஞ்சாலும் மேக்காட்டுல நாலு மூட்டை கடலை, கம்பு, சோளம் வருது. அதுவும் போச்சுன்னா அடுத்தவன் காட்டுக்குத்தான் களையெடுக்கப் போவோணும். போர் போடட்டும், நான் வேண்டாங்கல. மேக்காடு போகக்கூடாது சாமி. அதுக்கு ஒரு வழி சொல்லு."

அவர் கேட்டது இதுதான். தண்ணீரைப் பற்றி நோட்டு ஊமையாக இருந்தாலும் நிறுத்துவதைப் பற்றி அது நிறையவே பேசியது. தண்ணீர் வந்த எழுபத்து நாலில் இருநூற்று நாற்பது அடிக்குக் கீழே போய் வந்தது ஐந்துதான். அதற்குக் கீழே போனவர்களோ முப்பத்தொன்பது பேர். வறண்ட குழிகள் நின்ற ஆழங்களைப் பார்த்தால் பாறைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. நிலம் முடிந்த இடத்தில் அவை நிற்கவில்லை, நகை முடிந்த இடத்தில் நின்றிருந்தன. ஒவ்வொரு குழிக்கும் கடைசி வார்த்தை ஒன்றுதான்: இன்னும் ஒரு ராடு.

"எரநூத்தி நாப்பதுக்குள்ள நிறுத்தோணும். மொதல்லயே முடிவு பண்ணீட்டு எறங்கச் சொல்லு."

"உன்ற மச்சானையா? போன தடவ நூத்தியெம்பதோட சரின்னாரு. எரநூத்தி அறுவதுல நின்னுது. அதும் ரிக்குல டீசல் தீந்துபோனதுனால."

இதுவும் நோட்டில் இருந்தது. இத்தனை அடியோடு நிறுத்துவேன் என்று முன்கூட்டிச் சொல்லி, அந்த ஆழத்தை வறட்சியாகவே எட்டியவர்கள் முப்பத்தொரு பேர். அவர்களில் இருபத்தேழு பேர் சொன்னதைத் தாண்டினார்கள். காலையில் நிதானமாகத் தீர்மானிக்கிற மனிதனும் மத்தியானம் குழிக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதனும் ஒரே ஆள் இல்லை. முதலாமவர் சொல்வதை இரண்டாமவர் கேட்க வேண்டுமானால் நடுவில் அவர் மீறத் துணியாத யாராவது இருக்க வேண்டும். சின்னுசாமி யார் சொல்லுக்குக் கட்டுப்படுவார்? பொன்னாத்தாள் சொல்லுக்கு இல்லை. மைத்துனன் சொல்லுக்கு நிச்சயமாக இல்லை. ஆனால் பல வருடத்துக்கு முன் ஒரு நிலம் வாங்கப் போய், அம்மன் கோயிலில் பூக்கேட்டுச் சிவப்பு வந்ததால் முன்பணத்தை விட்டுவிட்டுத் திரும்பியவர் அவர்.

"வெள்ளிக்கிழமை பூக்கேக்கலாம்" என்றார் பாலசுந்தரம்.

பொன்னாத்தாள் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "நீயா?"

"நான்தான்."

பூக்கேட்பது அந்தப் பக்கத்தில் சாதாரண வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக ஒரே மாதிரி இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். எந்தப் பூ வந்தால் என்ன அர்த்தம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தால் அதுதான் வாக்கு. கல்யாணம், வழக்கு, நிலம் எல்லாம் அப்படித் தீர்ந்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னுசாமி மகிழ்ச்சியோடு வந்தார். படித்த மைத்துனன் கடைசியில் வழிக்கு வந்துவிட்டான் என்கிற மகிழ்ச்சி. சின்னண்ணனும் வேலுமணியும் கூட வந்திருந்தார்கள். பூசாரி இலையை மடித்தபடியே, "என்ன கேக்கோணும்?" என்றார்.

"தண்ணி வருமா வராதான்னு கேளுங்க" என்றார் சின்னுசாமி.

"அது வேண்டாங்க மச்சான்," என்றார் பாலசுந்தரம். "எதுல நிறுத்தறதுன்னு கேளுங்க. வெள்ளை வந்தா எரநூறு அடி. செவப்பு வந்தா எரநூத்தி நாப்பது."

"நிறுத்தறதையா? தொடங்கறதுக்கு முன்னாடியே நிறுத்தறதப் பேசறயே மாப்ள, இது எந்த ஊரு நாயம்?"

"தண்ணி வரும்னு வாக்கு வந்து, எரநூத்தி நாப்பதுல வரலீன்னா என்ன பண்ணுவீங்க?"

"அம்மனே சொல்லீட்டா, அப்பறம் என்ன? வர்ற வரைக்கும் போவேன்."

"வராதுன்னு வந்தா?"

சின்னுசாமி யோசித்தார். "மறுக்காவும் ஒருதடவ கேப்பேன்."

சின்னண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பொன்னாத்தாள் சிரிக்கவில்லை. "பாத்தீங்களா, நீங்களே சொல்லீட்டீங்க. தம்பி சொல்றதக் கேளுங்க. அம்மனுக்கும் பதில் சொல்லறாப்பல ஒரு கேள்வி வேணுமில்லீங்க?"

பூசாரிக்கும் குழப்பம்தான். "முப்பது வருசமாப் பூப்போடறேன், அடிக்கணக்கு யாரும் கேட்டதில்லீங்க" என்று சொல்லிக்கொண்டே கற்பூரம் ஏற்றினார். கேட்டது பொன்னாத்தாளின் வளையலைப் பற்றியதாகையால் அவரே எடுக்கட்டும் என்றார். பொன்னாத்தாள் குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

"எரநூத்தி நாப்பது!" என்றார் சின்னுசாமி, ஜெயித்தவர் போல.

"எரநூத்தி நாப்பதோட சரி," என்றார் பொன்னாத்தாள். "அம்மன் முன்னால சொல்லுங்க."

அவர் சொன்னார். சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே சொன்னார்.

பாலசுந்தரத்துக்கு அந்தப் பூவில் தனி நம்பிக்கை எதுவும் இல்லை. எந்த மூலையையும் விரும்பாத அட்டவணையை அவர் எப்படி மதித்தாரோ அப்படித்தான் பூவையும் மதித்தார். இரண்டில் எது வந்தாலும் மேக்காடு பிழைக்கும்படி கேள்வியை அமைத்ததோடு அவர் வேலை முடிந்தது. பூக்கேட்பதில் பூவைவிடக் கேள்விக்குத்தான் பலம் என்று அன்று எழுதியிருக்கிறார். எதைக் கேட்பது என்று தீர்மானிக்கிறவன் கையில்தான் முடிவில் பாதி இருக்கிறது. இந்த ஒரு வரிக்காகவே அந்தப் பேராசிரியர் ஓர் அலமாரி செய்திருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை காலை ரிக் வண்டி வந்தது. சின்னண்ணன் தேங்காயோடு நடந்து, கிணற்றுக்குத் தென்கிழக்கே நின்றார். தேங்காய் நின்றது.

"எத்தனை அணாங்க?" என்று பாலசுந்தரம் நோட்டைப் பிரித்தார்.

"பதினாறணா!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்ன சின்னண்ணன், பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்க நோட்டுக்கு ஒம்பதுன்னு போட்டுக்குங்க."

ராடு ஒன்று பத்து அடி. நூறு அடிவரை வேகமாகப் போனது. அதன் பிறகு வெள்ளைப் புழுதி புகை மாதிரி எழும்பி, நின்றிருந்தவர்கள் தலையெல்லாம் நரைத்துப்போனது. இருநூறு தாண்டியும் புழுதிதான். இருபத்து நாலாவது ராடு இறங்கும்போது ரிக்குக்காரர் கையை நீட்டிப் புழுதியைப் பிடித்துப் பிசைந்து பார்த்தார். உள்ளங்கையில் அது ஒட்டியது.

"ஈரம் தட்டுதுங்க!" என்று கத்தினார். "கசியுது! இன்னும் ரெண்டு ராடு போனா பீச்சியடிச்சுரும்!"

எல்லாரும் குழியைச் சுற்றி நெருங்கினார்கள். சின்னுசாமி புழுதியை வாங்கி மூக்கருகில் வைத்துப் பார்த்தார்.

"எறக்குங்க, இன்னொரு ராடு" என்றார்.

"எரநூத்தி நாப்பது ஆயிருச்சுங்க" என்றார் பொன்னாத்தாள்.

"ஈரத்தப் பாருடி! அம்மன் இதுக்குத்தான் செவப்பு குடுத்தா!"

வேலுமணி நல்ல மனிதர். உதவியாகத்தான் சொன்னார்: "பணத்தப் பத்தி யோசிக்காதீங்கண்ணா. மேக்காட்டுக்கு அட்வான்ஸ் இப்பவே தந்தர்றேன். ஊட்டுக்குப் போயி எடுத்துட்டு வாரேன்."

சின்னுசாமி மைத்துனனைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு மாப்ள. நீதான் நோட்டுப் போட்டு எழுதறவன். இந்த ஈரத்த உட்டுட்டுப் போறதா?"

இந்த இடத்துக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். ஏழு வருடம் அடுத்தவர் குழிகளுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர், அந்த வார்த்தையை நூறு வாய்களில் கேட்டு எழுதியவர், பூவை ஏற்பாடு செய்தவர். அவர் கையிலும் கொஞ்சம் ஈரப்புழுதி இருந்தது. அவர் சொன்னார்:

"ஒரே ஒரு ராடு பாக்கலாமாக்கா?"

பொன்னாத்தாள் தம்பியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வெயிலில் தலை சுற்றியவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு ரிக்குக்காரரிடம் திரும்பினார்.

"தூக்குங்க."

"ஏனுங்கக்கா, ஈரம்..."

"ஈரம் இருக்கட்டும். இங்க நிக்கற ஆம்பளைங்க ஒருத்தருக்கும் இப்பப் புத்தி இல்லீங்க. வெள்ளிக்கெழம இருந்துது. அன்னைக்கு என்ன சொன்னமோ அதுதான். தூக்குங்க ராட."

சின்னுசாமி வாயைத் திறந்தார். அம்மன் பேரைப் பொன்னாத்தாள் சொல்லவே இல்லை. அவருக்கே நினைவு வந்துவிட்டது. சூடம் தொட்ட கையைப் பார்த்தார். கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்தார். ராடுகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மூன்றாவது கல்லைப் பாலசுந்தரமே உருட்டிக்கொண்டு வந்து வைத்தார்.

அன்று பொழுதோடு வீட்டுக்குப் போய் நோட்டைப் புரட்டினார். ஈரம் தட்டிய பிறகும் வறண்டே முடிந்த குழிகள் இருபத்திரண்டு இருந்தன. ஒவ்வொன்றையும் தன் கையால் எழுதியிருந்தார். குழியருகே நின்றபோது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நூற்று நாற்பத்து நாலாவது பதிவுக்கு எதிரே இப்படி எழுதினார்: "இருநூற்று நாற்பதில் நின்றது. இன்னும் ஒரு ராடு கேட்டவர்கள்: சின்னுசாமி, ரிக்குக்காரர், வேலுமணி, பாலசுந்தரம்." மற்றவர்கள் பெயரோடு தன் பெயரையும் அதே மையில், அதே அளவில்.

ஆடியில் மழை பெய்தது. மேக்காட்டில் கடலை போட்டார்கள். பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் பொன்னாத்தாள் யார் காட்டுக்கும் களையெடுக்கப் போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பிடித்து, கிணற்றில் எட்டு முழம் தண்ணீர் நின்றது. மறுவருடம் பாதித் தோட்டத்தில் மஞ்சள் வந்தது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லாருக்கும் வசதி. 1985-இல் வேலுமணி தன் காட்டில், பொன்னாத்தாளின் மூன்றாவது கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு போர் போட்டார். இருநூற்று அறுபத்தைந்தில் தண்ணீர் பீறிட்டது. ஊர் திரண்டு பார்த்தது. டீக்கடையில் பேச்சு மாறியது.

"இன்னும் மூணு ராடு போயிருந்தா சின்னுசாமியண்ணன் இன்னைக்கு ராசா."

"கயிறுக்காரரு வந்து கட்டிப் போட்டுட்டாருல்ல!"

"எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க" என்றார் ஒருவர். அவர் அன்று அந்த ஊரிலேயே இல்லை.

சின்னுசாமி பத்து நாள் மைத்துனனோடு பேசவில்லை. பாலசுந்தரம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அக்கா வீட்டுக்குப் போனார். பொன்னாத்தாள் வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். சின்னுசாமி கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். பாலசுந்தரம் நோட்டைப் பிரித்தார்.

"இதுக்குமா நோட்டு?" என்றார் பொன்னாத்தாள்.

"எல்லாருகிட்டயும் பின்னாடி ஒருதடவ கேப்பனில்லக்கா. உன்கிட்டயும் கேக்கோணும். மறுபடி அந்தச் செவ்வாக்கெழம வந்தா என்ன பண்ணுவ?"

"தூக்கச் சொல்லுவேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "வேலுமணி ஊட்டுத் தண்ணியப் பாத்த பின்னாலயுமா?"

"அந்தத் தண்ணி இன்னைக்குத்தானுங்க தெரியுது. அன்னைக்குத் தெரிஞ்சது மேக்காடு மட்டுந்தான். நம்ம குழிக்கடியில அதே தண்ணி இருக்குதுன்னு இன்னைக்கும் ஆருக்குங்க தெரியும்?" பொன்னாத்தாள் கை நிறையக் கடலைப் பருப்பை எடுத்துத் தம்பிக்கு நீட்டினார். "இது மேக்காட்டுக் கடலை. தின்னு பாரு."

பாலசுந்தரம் வாங்கிக்கொண்டார். "தூக்கச் சொல்லுவேங்கறது எத்தனை அணாக்கா?"

"பதினாறணா."

"பதினாறணா யாருக்கும் கெடையாதுக்கா. நோட்டுல இருக்குது."

"தண்ணி வருமாங்கறதுக்குக் கெடையாது," என்றார் பொன்னாத்தாள். "நான் நிறுத்துனதுக்கு உண்டு. ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதாத."

கட்டிலில் படுத்திருந்தவர் புரண்டு இந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார், கடலைக்காக. பாலசுந்தரம் பாதியை அவருக்குக் கொடுத்துவிட்டு, பேனாவைத் திறந்து, நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டார்.